கொம்பிளெக்ஸ் 4 எத்தனை புரோத்தன் தள்ளும்? என் நோட்டில் மூன்று விடை இருக்கிறது

இரண்டாம்தரம்_எழுதுபவள் | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறேன். இந்த முறை ஏ.எல். உயிரியல் இரண்டாம் தரம் எழுதப் போகிறேன். இழைமணியின் இலத்திரன் கொண்டுசெல்லல் சங்கிலியில் கடைசியாக நிற்கும் நொதியத்தில், அதாவது சைற்றோகுரோம் சி ஒட்சிடேசில் (கொம்பிளெக்ஸ் 4 என்பதும் இதுதான்), இரண்டு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் இரண்டு ரியூட் (ரியூசனில் தரும் அச்சுக் குறிப்பு). ஒன்றில் இந்த நொதியம் இரண்டு புரோத்தன் தள்ளும் என்று இருக்கிறது, மற்றதில் நாலு. அக்காவின் பழைய கம்பஸ் நோட்டில் எட்டு என்று எழுதிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அக்கா இப்போது கணக்கியல் படிக்கிறார், கேட்டால் "அது போன பிறவி" என்கிறார். ரியூசன் சேரிடம் கேட்டேன். "பேப்பருக்கு வராததைக் கேட்டு மற்றப் பிள்ளைகளின் நேரத்தைச் சாப்பிடாதே" என்றார். அவ்வளவு பெரிய ஹோலில் மைக்கில் அப்படிச் சொன்ன பிறகு யார் திரும்பக் கையுயர்த்துவது?

இரண்டா, நாலா, எட்டா?

நேரம்_பத்தாது | திங்கள், இரவு 9.52

தங்கச்சி, சேர் சொன்னதில் பிழை இல்லை. இலத்திரனைக் கடைசியாக வாங்குவது ஒட்சிசன், விளைவு நீர். பாஸ் பேப்பரில் கேட்பது இந்த ஒரு வரிதான். பாடமாக்கிவிட்டு அடுத்த அலகுக்குப் போங்கள். நான் இப்படித்தான் பாஸ் பண்ணினேன்.

பழைய_கம்பஸ்காரன் | திங்கள், இரவு 10.31

மூன்றும் சரி. எதற்கு எத்தனை என்று எழுதாமல் விட்டதுதான் வில்லங்கம்.

சைற்றோகுரோம் சி ஒரு சின்னப் புரதம், மனிதரில் 104 அமினோ அமிலம். இழைமணியின் உள்மென்சவ்வின் வெளிப்பக்கத்தில் ஓடித் திரியும். ஒரு தடவையில் ஒரேயொரு இலத்திரனைத்தான் சுமக்கும். ஒட்சிசன் மூலக்கூறு ஒன்று முழுதாக நீராக வேண்டுமானால் நாலு இலத்திரன் தேவை. ஆகவே நொதியம் ஒரு சுற்றை முடிக்க நாலு சைற்றோகுரோம் சி வந்து கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.

அந்தச் சுற்றுக்குள் தாயத்தில் இருந்து, அதாவது உள்மென்சவ்வுக்கு உள்ளே இருக்கும் பகுதியில் இருந்து, எட்டுப் புரோத்தன் குறைகிறது. அதில் நாலு ஒட்சிசனோடு சேர்ந்து இரண்டு நீர் மூலக்கூறாகிவிடும். மற்ற நாலும் உள்மென்சவ்வைத் தாண்டி, இரண்டு மென்சவ்வுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்குப் போகும். அக்காவின் எட்டு, தாயம் இழந்த மொத்தக் கணக்கு. நாலு என்பது ஒரு ஒட்சிசன் மூலக்கூறுக்கு வெளியே தள்ளியது. இரண்டு என்பது ஒரு இலத்திரன் சோடிக்குத் தள்ளியது. உணவில் இருந்து இலத்திரனைச் சங்கிலிக்குச் சுமந்துவரும் என்.ஏ.டீ.எச். ஒன்று தருவது இரண்டு இலத்திரன்தானே, அதனால் கொம்பிளெக்ஸ் 1 இல் நாலு, 3 இல் நாலு, 4 இல் இரண்டு, ஆகமொத்தம் பத்து என்று கூட்டும்போது இந்த இரண்டு வரும்.

சிவப்பு வட்டத்தை அழிக்க வேண்டாம். அதில் இன்னொரு விசயம் இருக்கிறது. இலத்திரன் வருவது வெளிப்பக்கத்தில் இருந்து. நீராவதற்கான புரோத்தன் வருவது உள்ளே இருந்து. இரண்டும் நடுவில் சந்திக்கின்றன. மறை ஏற்றம் உள்நோக்கி வருவதும் நேர் ஏற்றம் வெளிநோக்கிப் போவதும் மின்கணக்கில் ஒன்றுதான். எனவே நீராகிப்போகும் நாலு புரோத்தனும்கூட மின்னழுத்தத்துக்குத் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டே போகின்றன. ஏற்றத்தில் பார்த்தால் ஒரு சுற்றுக்கு எட்டு.

இரண்டாம்தரம்_எழுதுபவள் | திங்கள், இரவு 10.44

அண்ணா, பெரிய உபகாரம். மூன்று ரியூட்டிலும் பக்கத்தில் பென்சிலால் "எதற்கு?" என்று எழுதிவிட்டேன். (நோட்டையும் சேர்த்து மூன்று.)

ஓய்வுபெற்ற_வாத்தியார் | செவ்வாய், காலை 6.15

விடிய எழும்பிப் பார்த்தால் இப்படி ஒரு இழை. நான் கொட்டாஞ்சேனையில் இருபத்தாறு வருடம் விலங்கியல் படிப்பித்தவன். எங்கள் காலத்துப் புத்தகத்தில் இந்த நொதியம் "சைற்றோகுரோம் ஏ, ஏ3" என்று ஒரு அம்புக்குறிக்குள் அடங்கிவிடும். பம்பி என்ற பேச்சே இல்லை.

பெயர் வந்த கதையைச் சொல்கிறேன், பரீட்சைக்கு இல்லை. 1880களில் மக்மன் என்ற ஐரிஷ் வைத்தியர் தசைகளை நிறமாலைகாட்டியில் பார்த்து, குருதிச் சிவப்பு அல்லாத இன்னொரு நிறப்பொருள் அங்கே இருக்கிறது என்றார். பெரிய பேராசிரியர்கள் அது சிதைந்த குருதிதான் என்று தள்ளிவிட்டார்கள். 1925இல் கேம்பிரிட்ஜில் டேவிட் கெய்லின் மறுபடி கண்டார். அவர் ஒட்டுண்ணி ஆராய்ச்சிக்காரர். குதிரையின் வயிற்றில் வளரும் ஒரு ஈயின் புழுவைப் பார்த்துக்கொண்டு இருந்தவர், வளர்ந்த ஈயின் பறக்கும் தசையின் நிறமாலையில் நாலு கருங்கோடுகளைக் கண்டார். பிறகு அப்பத்துக்குப் போடுகிற அதே ஈஸ்ற்றைக் கரைத்துப் பார்த்தார். கரைசலை அசையாமல் வைத்தால் கோடுகள் தெரிகின்றன. காற்றோடு குலுக்கினால் மறைகின்றன. மீண்டும் வைத்தால் மீண்டும் வருகின்றன. கலம் மூச்சுவிடுவதை மனிதன் கண்ணால் கண்டது அன்றுதான் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

ஜேர்மனியில் ஒட்டோ வார்புர்க்கின் வழி வேறு. காபனோரொட்சைட்டு ஈஸ்ற்றின் சுவாசத்தை நிறுத்தும், ஆனால் வெளிச்சம் பட்டால் சுவாசம் திரும்பும். இரும்பில் ஒட்டிய வாயுவை ஒளி பிரித்துவிடுகிறது. எந்த நிற ஒளி எவ்வளவு பிரிக்கிறது என்று அளந்து, நொதியத்தைப் பிரித்தெடுக்காமலே அதன் நிறமாலையை வரைந்தார். அது ஹீம், அதாவது நடுவில் இரும்பைப் பிடித்திருக்கும் நிறப்பொருள், என்று தெரிந்தது. 1931இல் நோபல். கையில் பிடிக்காத பொருளின் படத்தை வரைந்த கெட்டித்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறாமைதான்.

நேரம்_பத்தாது | செவ்வாய், காலை 7.02

சேர், கதை நல்லது. மாக்கிங் ஸ்கீமில் புள்ளி எத்தனை?

ஓய்வுபெற்ற_வாத்தியார் | செவ்வாய், காலை 7.10

பூச்சியம்.

இரண்டாம்தரம்_எழுதுபவள் | செவ்வாய், பிற்பகல் 4.25

இரண்டாவது சந்தேகம். நேற்று அண்ணா சொன்னதை வைத்துத்தான் வந்தது. இலத்திரன் ஒவ்வொன்றாகத்தான் வருகிறது என்றால், ஒட்சிசன் முதல் இலத்திரனை வாங்கியதும் சுப்பரொட்சைட்டு ஆகிவிடாதா? இரண்டாவதை வாங்கினால் பரொட்சைட்டு. இரண்டும் கலத்துக்கு நஞ்சு என்று படித்தேன். நாலாவது வரும்வரை அதைப் பிடித்துவைக்க நொதியத்துக்கு எப்படி முடிகிறது? பாதியில் கைநழுவினால்?

பழைய_கம்பஸ்காரன் | செவ்வாய், இரவு 11.08

இந்தக் கேள்வியை நீங்களாகக் கேட்டீர்கள் என்றால் பரீட்சை முடிவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வேலை முடிந்து 100 பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதே இதற்குப் பதில் யோசித்தேன். நீளமாக வரும்.

முதலில் அமைப்பு. மாட்டின் இதயத்தில் இருந்து எடுத்த நொதியத்தில் 13 புரத அலகுகள் என்று நெடுங்காலம் எண்ணினார்கள். கொம்பிளெக்ஸ் 1 இன் உறுப்பு என்று நினைத்திருந்த ஒரு சின்னப் புரதம் உண்மையில் இங்கே சேர்ந்தது என்று 2012இல் தெரிந்ததும் 14 ஆனது. ஆனால் இலத்திரன் ஓடும் வேலை முழுவதும் முதல் இரண்டு அலகுகளுக்குள்தான். இரண்டாம் அலகில் இரண்டு செப்பு அணுக்கள் ஒட்டி இருக்கின்றன, செப்பு ஏ என்பார்கள். சைற்றோகுரோம் சி வந்து உட்காரும் இடம் அதற்குப் பக்கத்தில். சைற்றோகுரோமின் முகத்தில் நேர் ஏற்றம், நொதியத்தின் முகத்தில் மறை ஏற்றம், அதனால் திசைமாறி உட்காராது. இலத்திரன் செப்பு ஏயில் இருந்து முதலாம் அலகில் இருக்கும் ஹீம் ஏக்கு, அங்கிருந்து ஹீம் ஏ3க்கு. ஏ3இன் இரும்புக்கு எதிரே, இன்னொரு செப்பு, செப்பு பி. இந்த இரும்புக்கும் செப்புக்கும் நடுவில் உள்ள சின்ன இடுக்குதான் ஒட்சிசன் வந்து சிக்கும் இடம். நாங்கள் இழுக்கும் மூச்சு எல்லாம் கடைசியில் போய்ச் சேருவது அங்கே.

இப்போது உங்கள் கேள்வி. இலத்திரன் ஒவ்வொன்றாக வருவது உண்மை. ஆனால் ஒட்சிசனுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பது இல்லை. நொதியம் முதலில் இரண்டு இலத்திரனைச் சேர்த்துவைக்கும், ஒன்று இரும்பில், ஒன்று செப்பில். அதன் பிறகுதான் ஒட்சிசன் இரும்பில் பிடிபடும். பிடிபட்டதும் நாலு இலத்திரனும் ஒரே மூச்சில் போகிறது.

எங்கிருந்து நாலு? கையில் இருப்பது இரண்டுதானே? இரும்பு தன் சேமிப்பில் கைவைக்கிறது. வழக்கமாக ஒட்சியேற்ற எண் (இழந்த இலத்திரன் கணக்கு) இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே ஆடுகிற இரும்பு, இங்கே இரண்டில் இருந்து நேரே நாலு என்ற நிலைக்குப் போகிறது. அது இரண்டு. செப்பு ஒன்று. மூன்றாயிற்று. நாலாவதுக்கு உலோகம் இல்லை. பக்கத்தில் தைரோசின் என்ற அமினோ அமிலம் ஒன்று நிற்கிறது, மாட்டு நொதியத்தில் 244ஆம் இலக்கம். செப்பைப் பிடித்திருக்கும் இன்னொரு அமினோ அமிலமான ஹிஸ்ரிடின் 240உடன் இந்தத் தைரோசின் நேரடியாகப் பிணைந்திருக்கிறது. புரதங்களில் இப்படி ஒரு பிணைப்பைக் காண்பது அரிது. நாலாவது இலத்திரனை அந்தத் தைரோசின் தன் உடம்பில் இருந்து கொடுக்கிறது, கூடவே ஒரு புரோத்தனையும்.

வீட்டுப் பக்கத்தில் சீட்டுப் பிடிக்கும் ஆன்ரி யாரும் இருந்தால் இது விளங்கும். இந்த மாதம் ஒருவர் காசு கட்டவில்லை என்பதற்காக எடுக்க வந்தவருக்குக் குறைத்துக் கொடுக்க முடியாது. தன் கைக்காசைப் போட்டு முழுத்தொகையாகக் கொடுத்துவிட்டு, பிறகு கட்டாதவரிடம் ஆறுதலாக வாங்கிக்கொள்வார். தைரோசின் செய்வது அதுதான். ஒட்சிசன்–ஒட்சிசன் பிணைப்பு ஒரே தடவையில் உடைந்துவிடும். சுப்பரொட்சைட்டும் இல்லை, பரொட்சைட்டும் இல்லை. அதன் பிறகு வரும் சைற்றோகுரோம் சிகள் தைரோசினுக்கும் இரும்புக்கும் கடனை அடைத்துக்கொண்டே இருக்கும். கடன் அடையும் ஒவ்வொரு படியிலும் ஒரு புரோத்தன் வெளியே தள்ளப்படுகிறது.

ஒரு வேடிக்கை. பிணைப்பு உடைந்த அந்த நிலைக்கு "பி" நிலை என்று பெயர். பரொட்சி என்பதன் முதல் எழுத்து. அங்கே பரொட்சைட்டு இருக்கிறது என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். இல்லை என்று தெரிந்த பிறகும் பெயரை மாற்றவில்லை. எங்கள் ஊர் வீதிப் பெயர்கள் மாதிரி.

சங்கிலியில் சுப்பரொட்சைட்டு கசிவது பெரும்பாலும் கொம்பிளெக்ஸ் 1, 3 இரண்டிலும்தான். ஒட்சிசனோடு நாள்முழுக்கப் புழங்கும் நாலாவதில் அல்ல.

இரண்டாம்தரம்_எழுதுபவள் | செவ்வாய், இரவு 11.30

இதை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் லேனில் சீட்டுப் பிடிப்பது என் அம்மாதான்.

ஆய்வுகூட_அக்கா | புதன், காலை 10.12

நான் வேறு பக்கத்தில் இருந்து வருகிறேன். படிக்கும்போது தசைத் துண்டுகளுக்குச் சாயம் போடப் பழகினோம். உறையவைத்து வெட்டிய மெல்லிய தசைச் சீவலில் டயமினோபென்சிடின் என்ற பொருளை ஊற்றினால், இந்த நொதியம் வேலைசெய்யும் நார்கள் மண்ணிறமாகும். நொதியம் செத்த நார் வெளிறி நிற்கும். அதற்கு மேலே கொம்பிளெக்ஸ் 2க்கான நீலச் சாயத்தைப் போடுவோம். நல்ல நார்கள் மண்ணிறத்திலேயே இருக்கும், வெளிறிய நார் மட்டும் பளீரென்று நீலமாகும். மண்ணிறக் கூரை ஓடுகளுக்கு நடுவில் யாரோ ஒரு நீல ஓட்டைச் செருகிய மாதிரி. முதல்முறை நுணுக்குக்காட்டியில் அதைக் கண்டபோது அழகாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த மிஸ் திரும்பிப் பார்த்தார். அது ஒரு இளம் நோயாளியின் தசை.

ஏன் நீலம் தப்பிக்கிறது? கொம்பிளெக்ஸ் 2 இன் நாலு அலகுகளுக்கும் கட்டளை கலத்தின் கருவில் உள்ள டி.என்.ஏ.யில் இருக்கிறது. கொம்பிளெக்ஸ் 4 இன் பெரிய மூன்று அலகுகளுக்கான கட்டளை இழைமணியின் சொந்த டி.என்.ஏ.யில். இழைமணி டி.என்.ஏ. கெட்டால் மண்ணிறம் போகும், நீலம் போகாது. ஒரே தசையில் ஒரு நார் கெட்டும் அடுத்தது நன்றாகவும் இருப்பதற்குக் காரணம், கெட்ட டி.என்.ஏ.யின் பங்கு நாருக்கு நார் வேறுபடுவது. வயதானவர்களில் இப்படி ஒன்றிரண்டு நார் சாதாரணமாகவே இருக்கும், பயப்படத் தேவையில்லை.

இழைமணி டி.என்.ஏ. நமக்கு வருவது தாயிடம் இருந்து. கம்பஸ்காரத் தம்பி சொன்ன இரும்பு, செப்பு, தைரோசின் எல்லாம் அந்தத் தாய்வழி அலகுகளுக்குள்தான் இருக்கின்றன. நம் ஒவ்வொருவரிலும் ஒட்சிசன் நீராகும் இடம் அம்மா தந்தது.

பழைய_கம்பஸ்காரன் | புதன், பகல் 12.40

அக்கா, சேர்த்துச் சொல்கிறேன். அலகை அம்மா தந்தாலும் அதற்குள் உலோகத்தைக் கொண்டுபோய் வைக்கும் ஆட்கள் எல்லாம் கருவின் கணக்கு. செப்பைக் கைமாற்றிக் கொண்டுவருவதற்கென்றே தனிப் புரதங்கள் இருக்கின்றன. ஹீம் ஏயைச் செய்வதற்கு வேறு இரண்டு. நொதியத்தைக் கட்டும்போது உதவும் சர்ஃப்1 என்ற புரதத்தின் மரபணு கெட்டால் குழந்தைகளில் மூளையைக் கெடுக்கும் லீ நோய்க்குறி வருகிறது, 1998இல் கண்டார்கள். நொதியத்தின் எந்த அலகிலும் பிழை இல்லை, மேசன் வரவில்லை, வீடு எழும்பவில்லை.

நேரம்_பத்தாது | புதன், பிற்பகல் 1.15

சரி, நானும் ஒரு கேள்வி கேட்கிறேன், சிரிக்க வேண்டாம். நாங்கள் இழுக்கும் ஒட்சிசன்தானே காபனீரொட்சைட்டாக வெளியே போகிறது? நீங்கள் எல்லோரும் நீர், நீர் என்கிறீர்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | புதன், பிற்பகல் 2.20

சிரிக்கவில்லை. என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பாதிப் பேர் இப்படித்தான் நினைப்பார்கள். உடம்பு எடுக்கும் ஒட்சிசனில் பெரும்பகுதி இந்த நொதியத்தில் நீராகிறது. காபனீரொட்சைட்டில் இருக்கும் ஒட்சிசன் உணவில் இருந்தும் நீரில் இருந்தும் வருவது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் ஒட்சிசன் எடுக்கிறார். நாளுக்கு 360 லீற்றர், அதாவது 16 மூல். ஒரு மூல் ஒட்சிசன் இரண்டு மூல் நீர் தரும். 32 மூல், 576 கிராம். அரை லீற்றருக்கு மேலே நீர், போத்தல் இல்லாமல்.

மருந்துச்சீட்டு | புதன், மாலை 5.48

சேர், மன்னிக்க வேண்டும், ஒரு இடம் உதைக்கிறது. வார்ட்டில் நாங்கள் நீர்க்கணக்குப் போடும்போது உடம்பே உண்டாக்கும் நீர் நாளுக்கு ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் என்றுதான் எடுப்போம். உங்கள் கணக்கு இரண்டு மடங்கு.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | புதன், மாலை 6.30

இரண்டும் சரியாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வருகிறேன்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | புதன், இரவு 7.05

பிடித்துவிட்டேன். ஒரு குளுக்கோசுக்கு ஆறு ஒட்சிசன் மூலக்கூறு செலவாகிறது. நொதியத்தில் அதில் இருந்து பன்னிரண்டு நீர் வரும். ஆனால் சமன்பாட்டில் ஆறு நீர்தான் எழுதுகிறோம். மற்ற ஆறையும் வழியில் உள்ள தாக்கங்கள் குடித்துவிடுகின்றன. டொக்டரின் 300 தேறிய கணக்கு. என்னுடையது நொதியத்தின் வாசலில் நின்று எண்ணியது.

நேரம்_பத்தாது தம்பிக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஆறு காபனீரொட்சைட்டில் பன்னிரண்டு ஒட்சிசன் அணு. குளுக்கோசில் இருப்பது ஆறு. மிச்ச ஆறும் அந்தக் குடிக்கப்பட்ட நீரில் இருந்து. இருபத்தாறு வருடம் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இதை எண்ணிப் பார்த்தது இன்றைக்குத்தான்.

மருந்துச்சீட்டு | புதன், இரவு 9.15

இந்த நொதியம் எங்களிடம் வருவது நஞ்சு வழியாக. சயனைட்டு போய்ப் பிடிப்பது ஹீம் ஏ3 இன் இரும்பை, அதுவும் மூன்று என்ற நிலையில் இருக்கும்போது. காபனோரொட்சைட்டு பிடிப்பது இரண்டு என்ற நிலையில். ஒரே கதிரை, இரண்டு வேறு ஆட்கள். காபனோரொட்சைட்டின் பெரிய வேலை குருதியின் ஈமோகுளோபினில்தான். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்த நாட்களில் பூட்டிய பல்கனியில் ஜெனரேற்றரை ஓடவிட்டவர்களை நினைத்தாலே எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

சயனைட்டில் ஒரு விசித்திரம். நுரையீரல் நன்றாக இருக்கிறது, குருதியில் ஒட்சிசன் நிறைய இருக்கிறது, விரலில் மாட்டும் கருவி தொண்ணூற்றொன்பது காட்டும். கலம் அதை எடுக்காது. அதனால் நாளக் குருதியும் நாடிக் குருதி மாதிரியே சிவப்பாகத் திரும்பி வரும். நிறையச் சாப்பாடு இருக்கிற வீட்டில் வாயைத் தைத்துவிட்ட மாதிரி.

மாற்றுமருந்தின் தந்திரமும் இதே இரும்பை வைத்துத்தான். நைத்திரைற்று கொடுத்தால் ஈமோகுளோபினின் ஒரு பகுதி மூன்று என்ற நிலைக்கு மாறும். சயனைட்டுக்கு வேண்டியதும் அந்த நிலை இரும்புதான், நொதியத்தை விட்டுவிட்டு அங்கே போய் ஒட்டும். தயோசல்பேற்று கொடுத்தால் ஈரல் அதைத் தயோசயனேற்றாக்கிச் சிறுநீரில் அனுப்பும். ஐதரொட்சோகோபாலமின் என்ற மருந்து சயனைட்டைப் பிடித்து விற்றமின் பி12 ஆகிவிடும், சிறுநீர் சிவக்கும். உறவினர்கள் இரத்தம் என்று பதறுவார்கள்.

இரண்டாம்தரம்_எழுதுபவள் | புதன், இரவு 9.40

டொக்டர், அப்படியானால் மரவள்ளிக்கிழங்கு? மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சாகும் என்று, அது அவிக்கும் நாளில் எங்கள் வீட்டில் இஞ்சி என்ற சொல்லே எடுக்கக்கூடாது. இஞ்சி பிஸ்கற்றைக்கூட அம்மா ஒளித்து வைப்பார்.

மருந்துச்சீட்டு | புதன், இரவு 10.02

எங்கள் வீட்டிலும். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவும் அதையேதான் சொல்வார், இந்த ஒன்றில் நாடு முழுவதும் ஒற்றுமை.

கிழங்கில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. அதை உடைக்கும் நொதியமும் அதே கிழங்கில், ஆனால் வேறு அறையில். வெட்டும்போது, துருவும்போது இரண்டும் சந்திக்கும், ஐதரசன் சயனைட்டு வெளிவரும். இஞ்சி இல்லாமலே எல்லாம் நடக்கும். ஐதரசன் சயனைட்டின் கொதிநிலை 26 பாகை. கொழும்பில் அறை வெக்கையே அதைத் தாண்டும். அதனால்தான் மூடாமல் அவிப்பது. பெரிய துண்டாகக் கொதிநீரில் போட்டால் உடைக்கும் நொதியம் முதலில் செத்துவிடும், லினமரின் உடையாமல் மிஞ்சும். சின்னதாக வெட்டி, ஊறவைத்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். பாட்டிமார் செய்ததில் இந்தப் பகுதி முழுச் சரி. நிறம் மாறிக் கோடு விழுந்த கிழங்கை எறிவதும் நல்ல பழக்கம். இஞ்சியைப் பற்றி அம்மாவோடு வாதாட நான் வரமாட்டேன்.

பழைய_கம்பஸ்காரன் | வியாழன், காலை 8.20

இழை மரவள்ளிக்குள் போக முன்னர் ஒன்றைப் போட்டுவிடுகிறேன், சண்டை என்றால் சுவை கூடும்.

மென்சவ்வுக்குக் குறுக்கே உள்ள புரோத்தன் வேறுபாடுதான் ஏ.ரீ.பீ.யை, அதாவது கலம் செலவழிக்கும் சக்தி மூலக்கூறை, செய்ய வைக்கிறது என்று 1961இல் சொன்னவர் பீற்றர் மிச்சல். 1978இல் நோபல் வாங்கினார். ஆனால் 1977இல் பின்லாந்தின் மார்ட்டன் விக்ஸ்ட்ரோம் இந்தக் கடைசி நொதியமும் புரோத்தனைத் தள்ளுகிறது என்று காட்டியபோது, அதை ஒத்துக்கொள்ளாமல் பல வருடம் மறுத்தவரும் அதே மிச்சல்தான். புரோத்தனுக்காக ஊரோடு மோதியவர் இந்த நாலு புரோத்தனை நம்பவில்லை. 1980களின் நடுப்பகுதியில்தான் இறங்கிவந்தார். இறங்கிவந்தாரே, அதற்கு மரியாதை.

நொதியத்தின் அணு அளவிலான அமைப்பு 1995 ஒகஸ்ட்டில் ஒரே கிழமையில் இரண்டு இடத்தில் வந்தது. ஜப்பானில் யொஷிகாவா, சுகிஹாரா குழு மாட்டு இதயத்தில். ஜேர்மனியில் ஹார்ட்மூட் மிஷெல் குழு ஒரு மண் பற்றீரியாவில். இரண்டும் 2.8 ஆங்ஸ்ட்ரோம் நுணுக்கத்தில். பற்றீரியாவில் நாலே அலகு, மாட்டில் அப்போதைய எண்ணிக்கைப்படி பதின்மூன்று, ஆனால் நடுப்பாகம் அச்சில் வார்த்தமாதிரி ஒன்று.

சண்டை முடியவில்லை. புரோத்தன் உள்ளே நுழைய டி, கே என்று இரண்டு வழி. தள்ளப்படும் புரோத்தன் எல்லாம் டி வழியால்தான் என்பது பலரின் பக்கம், அந்த வழியின் முடிவில் உள்ள அமினோ அமிலம், குளுற்றமிக்கமிலம் 242தான் வாசல் காவல். யொஷிகாவா பக்கம் விலங்குகளில் எச் என்று மூன்றாவது வழி இருக்கிறது என்கிறது. என் கட்சி டி. அந்தக் குளுற்றமிக்கமிலத்தை மாற்றினால் பற்றீரியாவில் பம்பி நின்றுவிடுகிறது, எனக்கு அது போதும்.

ஆய்வுகூட_அக்கா | வியாழன், காலை 9.05

பற்றீரியாவில் நிற்பது மாட்டுக்கு அத்தாட்சி ஆகுமா? நீங்கள்தான் பதின்மூன்று அலகு என்றீர்கள். அவ்வளவு அலகு சும்மா பார்த்துக்கொண்டா இருக்கும்?

பழைய_கம்பஸ்காரன் | வியாழன், காலை 9.11

இதற்குத்தான் காலையில் போடக்கூடாது என்று நினைத்தேன். வேலைக்குப் போய்விட்டு வருகிறேன்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | வியாழன், பகல் 11.40

மகளே, சனிக்கிழமை ஓய்வாக இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். மெதிலீன் நீலம் வேண்டும். ஆய்வுகூடம் தேவையில்லை, மீன்தொட்டி விற்கும் கடையில் பங்கசு மருந்தாக இருக்கும். ஈஸ்ற்றும் சீனியும் இளஞ்சூட்டு நீரில் கரைத்து இரண்டு துளி விடுங்கள். குலுக்கிவிட்டு அசையாமல் வையுங்கள். கையில் பட்டால் மூன்று நாளைக்குப் போகாது.

இரண்டாம்தரம்_எழுதுபவள் | சனி, மாலை 5.55

சேர், செய்தேன். முதல் தரம் வெந்நீர் கூடிப்போய் ஈஸ்ற்று செத்துவிட்டது, ஒரு மணித்தியாலம் நீலமாகவே இருந்தது. இரண்டாவது தரம் ஜாம் போத்தலில் போட்டுக் காலி வீதிப் பக்க யன்னலில் வைத்தேன். ஐந்தாறு நிமிடத்தில் அடியில் இருந்து நிறம் கழன்று பால்நிறமானது. மேலே மட்டும் நூல் அளவு ஒரு நீல வளையம், காற்றுப் படும் இடத்தில். மூடியை இறுக்கிக் குலுக்கினேன், முழுவதும் நீலம். வைத்தேன், மறுபடி வெளுத்தது. ஏழு தரம் செய்தேன். தம்பி எட்டாவது தரம் செய்யப் போய் மூடியைச் சரியாக இறுக்கவில்லை. சுவரில் இருக்கிறது.

ஒரு சந்தேகம். நீலம் வெளுப்பது ஈஸ்ற்று கொடுக்கும் இலத்திரனை வாங்கி என்றால், அது நாலாவது நொதியத்தின் வேலை இல்லையே? ஒட்சிசனுக்குப் போகவேண்டியதை வழியிலேயே பறிப்பதுதானே?

ஓய்வுபெற்ற_வாத்தியார் | சனி, மாலை 6.20

அதேதான். சாயம் சங்கிலியில் மேலேயே இலத்திரனை வாங்கிவிடும். ஒட்சிசன் உள்ளவரை காற்றுப் பட்டு நீலம் திரும்பும். கரைசலில் இருந்த ஒட்சிசனை உங்கள் நொதியம் முழுதாகக் குடித்து முடித்ததால்தான் வெளுப்பைக் கண்டீர்கள். அந்த நொதியத்துக்கு மிகக் கொஞ்ச ஒட்சிசன் இருந்தாலும் போதும், கடைசிச் சொட்டுவரை வழித்தெடுக்கும். சுவருக்கு எலுமிச்சை போட்டுப் பார்க்க வேண்டாம், போகாது. நான் பார்த்துவிட்டேன்.

நேரம்_பத்தாது | சனி, இரவு 8.30

பேப்பருக்கு இப்போதும் வராது. ஆனால் அந்த மீன்கடை எங்கே என்று சொல்லுங்கள்.

இரண்டாம்தரம்_எழுதுபவள் | சனி, இரவு 9.10

சொல்கிறேன் அண்ணா, மெசேஜில். சுவரைப் பார்த்த பிறகு அம்மா பேசவில்லை. இரவுக்கு மரவள்ளியும் கட்டைச் சம்பலும். டொக்டர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு இஞ்சிப் போத்தலை எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.